அகன்று வளைந்த கணினித் திரை: வேலைக்கா, விளையாட்டுக்கா?

இன்று கணினிக் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது, நீண்டு உட்புறமாக வளைந்து நிற்கும் திரைதான். 34 அங்குல வளைந்த அகலத்திரையை 2014ஆம் ஆண்டில் எல்ஜி நிறுவனம் வெளியிட்டது. 2017இல் சாம்சுங் 49 அங்குலத் திரையையே சந்தைக்குக் கொண்டு வந்தது.

கோலா சுங்கை பாருவில் எங்கள் வீட்டிலும் இத்திரை பேச்சுப் பொருளானது. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு பயிலும் என் சித்தி மகன், "அண்ணே, கல்விக் கடன் காசுல ஒன்னு வாங்கிடவா? படிப்புக்கும் ஆகும், கேமுக்கும் ஆகும்" என்று கேட்டான். வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்யும் நான் இத்தகைய திரையைப் பயன்படுத்தி வருகிறேன். அவனுக்குச் சொன்னதையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

அகலம் எவ்வளவு?

வழக்கமான திரையின் அகல உயர விகிதம் 16:9. அகலத்திரையில் இது ஏறத்தாழ 21:9. 27 அங்குலச் சாதாரணத் திரையும் 34 அங்குல அகலத்திரையும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் சுமார் 33 செண்டிமீட்டர்தான். அகலம் மட்டும் 60 செண்டிமீட்டரிலிருந்து 80 ஆகிறது. ஆகவே, விடுதி மேசையை முதலில் அளந்து பாருங்கள்.

இந்த அகலம் வேலைக்குப் பெரிதும் உதவும். பழைய இதழின் படியெடுத்த பக்கம் ஒருபுறம், நாம் தட்டச்சு செய்யும் பக்கம் நடுவில், அகராதி மறுபுறம் என மூன்றையும் ஒருசேரத் திறந்து வைக்கலாம். ஆண்டிதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வளைவு ஏன்?

1800ஆர் என்றால், 1,800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதிபோல் திரை வளைந்துள்ளது என்று பொருள். எண் குறையக் குறைய வளைவு கூடும். 70 செண்டிமீட்டர் தொலைவில் அமர்ந்தால், 80 செண்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான திரையின் ஓரம், அதன் நடுப்பகுதியைவிடக் கண்ணுக்குப் பத்து செண்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும். 1800ஆர் வளைவில் அந்த வேறுபாடு ஆறேழு செண்டிமீட்டராகக் குறைகிறது. ஓரத்து எழுத்துகளைப் படிப்பது எளிதாகிறது. நேர்கோடுகள் வரையும் கட்டடக்கலை மாணவர்களுக்கோ தட்டையான திரையே ஏற்றது.

விளையாட்டில் என்ன நடக்கிறது?

1920×1080 திரையில் சுமார் 20 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 3440×1440 அகலத்திரையில் சுமார் 50 இலட்சம். அத்தனையையும் நொடிக்குப் பலமுறை வரைய வேண்டியது கணினியின் வரைகலை அட்டை. அது வலுவற்றதாக இருந்தால், புதிய திரையில் விளையாட்டு முன்பைவிடத் திக்கும். திரையோடு அட்டைக்கும் சேர்த்துச் செலவு வரக்கூடும். மேலும், எல்லா விளையாட்டும் இந்த அகலத்திற்கு ஒத்துவருவதில்லை. 2022இல் வெளிவந்த எல்டன் ரிங், இருபக்கமும் கறுப்புப் பட்டைகளோடுதான் தோன்றும். இணைப்புக் கம்பியும் முக்கியம்: பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 வழியே 144 ஹெர்ட்ஸ் கிடைக்காது, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போன்ற இணைப்பு தேவை.

கடன் பணம்

கல்விக் கடன் இனாம் அன்று. படிப்பு முடிந்த பின் மாதந்தோறும் கட்ட வேண்டிய பணம். தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு அதுதான் சாப்பாடு, அறை வாடகை, பேருந்துக் கட்டணம் எல்லாம். சில நேரம் அதில் ஒரு பங்கு வீட்டுக்கும் போகும். அந்தப் பணத்தில் வாங்கும் பொருள் படிப்பிற்கு எவ்வளவு உழைக்கும் என்பதே முதல் கேள்வி. கட்டுரை எழுதவும் நிரல் எழுதவும் 24 அங்குலச் சாதாரணத் திரை தாராளமாகப் போதும். அதனை மடிக்கணினியோடு இணைத்தால் இரண்டு திரைகள் ஆகிவிடும். பக்கங்களை அருகருகே வைக்கும் வசதியும் வந்துவிடும்.

அகலத்திரை நல்ல கருவியே. நாள் முழுதும் பல பக்கங்களை ஒப்பிட்டுச் சம்பாதிப்பவருக்கு அது தன் விலையை மீட்டுத் தரும். மாணவர்களே, முதல் சம்பளம் வரட்டும். அதற்குள் விலையும் சற்று இறங்கியிருக்கும்.