கலப்பதால்தான் குப்பை

சென்னை நாளொன்றுக்குக் கழிக்கும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாக அது மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தின்று வளர்ந்த ஒன்று. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அந்தச் சதுப்புநிலம் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. இரண்டு மேடுகளிலும் பழங்குப்பையைத் தோண்டி, சலித்து, மண் தனியாக, கல் தனியாக, பிளாஸ்டிக் தனியாகப் பிரிக்கப் பல நூறு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடுக்களையில் கை திரும்பும் நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

நம் வீட்டுக் குப்பையில் பாதி அளவு காய்த்தோல், மீந்த சோறு, காபித்தூள், வாடிய பூ போன்ற ஈரப்பொருள்தான். தனியே காற்றுப்பட வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி மேட்டுக்கு அடியில் புதைத்தால், காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகவும், நிலத்தடி நீரில் இறங்கும் கரிய கசிவாகவும் மாறுகிறது. பழைய பேப்பர்க்காரர் எடை போட்டுக் காசு தரும் செய்தித்தாள், சாம்பார் பட்டுவிட்டால் செல்லாக்காசு. கழுவிய பால் கவரைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். தயிர் நாறும் கவரை யார் தொடுவார்? இரண்டு நல்ல பொருள்களைக் கலந்து இரண்டையும் கெடுப்பதையே நாம் குப்பை போடுவது என்கிறோம்.

எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே என்கிறார்கள். ஈரக் குப்பையை எரித்தால் வெப்பத்தில் பெரும்பங்கு அதன் நீரை வற்றவைக்கவே செலவாகும். நன்றாக எரிபவை காகிதமும் பிளாஸ்டிக்கும்; அவற்றில் பெரும்பகுதி மறுசுழற்சிக்கு உரியது. மிஞ்சும் நச்சுச் சாம்பலுக்கு மறுபடியும் ஓர் இடம் தேட வேண்டும். எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் எதிர்ப்பது எனக்கு முழு நியாயமாகப் படுகிறது. எரிக்காமல் வீட்டிலேயே எருவாக்கலாம் என்றால், அடுக்குமாடியில் எருக்குழிக்கு ஏது இடம் என்ற கேள்விக்குக் கேரளத்தின் ஆலப்புழை பதில் சொல்லியிருக்கிறது. 2012-இல் சர்வோதயபுரம் மக்கள் தங்கள் ஊருக்கு வந்த ஆலப்புழையின் குப்பை லாரிகளை மறித்தபின், வீடுகளில் குழாய்க்குள் உரமாக்கும் முறையும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், இடமில்லாதவர்களுக்குத் தெருவோர உரத்தொட்டிகளும் அந்நகரில் வந்தன.

“நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள்” என்பதே வலுவான ஆட்சேபம். உண்மைதான், தடுப்பில்லாத வண்டியை அனுப்பும் நிர்வாகம் அதற்குப் பொறுப்பு, தட்டிக்கேட்க வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு நச்சுப்பொருள் என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றது 2016-இல் வந்த விதி. அது வீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்தே போடப்பட்டது. நாம் கலந்து கொடுக்கும் நாளில் எவ்வளவு நல்ல வண்டியாலும் பயனில்லை. உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய நாப்கினும் புளித்த சோறும் கிடக்கும் அந்தப் பையை யாராவது அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. பல நாள் கையுறைகூட இல்லாத கை.