கெர்னலை மாற்றச் சொல்லி சர்வரை ஒப்படைக்கும் முன்

"கெர்னல் அப்டேட் முடிஞ்சது சார்" என்று சர்வரைப் பராமரிப்பவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்ததும் பணத்தை அனுப்பிவிடுகிறோம். ஆனால் சர்வரை ரீபூட் செய்யும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான். புதியது டிஸ்க்கில் சும்மா கிடக்கும். ரீபூட் இல்லாமலே பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் லைவ் பேட்ச் முறை உண்டு; அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் 'யூநேம்' கட்டளை காட்டும் பதிப்பு எண்ணைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், காசு கொடுப்பது நீங்கள்.

வேலை தேவையில்லாதது என்று சொல்லவில்லை. 2016 அக்டோபரில் வெளிப்பட்ட 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை, 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள் இருந்தது. சாதாரணப் பயனராக உள்ளே வந்தவர், அதன் வழியே சர்வருக்கே எஜமானர் ஆகிவிட முடிந்தது. தள்ளிப்போடக் கூடாத வேலைதான். யாரிடம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மூன்று இடங்களில் ஏமாற்றம் நடக்கிறது. ஓபன்விஇசட் போன்ற கன்டெய்னர் வகை விபிஎஸ்-இல் உங்களுக்கென்று தனிக் கெர்னலே கிடையாது. தாய் சர்வரின் கெர்னலைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். அதை மாற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்டால் அது பொய். அடுத்தது, பதிப்பு எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது. ரெட் ஹேட் குடும்பத்தில் எண்ணின் முன்பகுதி பழையதாகவே இருக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் உள்ளே வந்துகொண்டிருக்கும். 'லேட்டஸ்ட்' என்று வெளியிலிருந்து கெர்னலைக் கொண்டுவந்து போட்டால், அந்தத் திருத்தங்கள் அதற்கு வராது. கடைசியாக, சென்ட்ஓஎஸ் 7. அதன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. கட்டண நீட்டிப்பு இல்லாமல் அதிலேயே இருப்பவருக்கு வேண்டியது புதிய இயங்குதளத்துக்கு இடமாற்றம். அதைச் சொல்லாமல் மாதச் சந்தா வாங்குபவரை நம்பாதீர்கள்.

ரீபூட்டுக்குப் பின் சர்வர் எழுந்திருக்காமலும் போகலாம். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தாலே அது நடக்கக்கூடும். பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருக்கிறார்களா, ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்சோல் வழியே உள்ளே போக முடியுமா என்று முன்பே கேளுங்கள். பேக்கப் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

ரூட் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். தனிப் பயனர் கணக்கு, தனி எஸ்எஸ்எச் சாவி; வேலை முடிந்த அன்றே இரண்டையும் நீக்குங்கள். எந்த நேரத்தில் வேலை, எவ்வளவு நேரம் தளம் நிற்கும், பழுதானால் யார் செலவில் சரிசெய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மின்னஞ்சல் போதும்.

மீறினால் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி உள்ளே நுழைவதும் சேதப்படுத்துவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். ஒப்பந்த வேலைக்காகக் கிடைத்த தனிநபர் தகவலை, தீங்கு செய்யும் நோக்கில் ஒப்பந்தத்தை மீறி வெளியிட்டால் 72ஏ பிரிவு பாயும். சொந்தப் பிழைப்புக்காகச் சிறு தொழில் நடத்துபவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உதவி எண் 1915. பெரிய வணிக நிறுவனங்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது; ஒப்பந்தச் சட்டப்படி சிவில் நீதிமன்றத்தில்தான் இழப்பீடு கேட்க வேண்டும்.

உங்களுக்கும் கடமை உண்டு. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும் என்பது நிறுவனங்களுக்கான 2022 ஏப்ரல் உத்தரவு. பதறிப்போய் சர்வரை அழித்து மறுபடி நிறுவினால் சாட்சியம் போய்விடும். கட்டங்களாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் தகவலைக் காக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். பராமரிப்பை வெளியாளிடம் விட்டிருந்தேன் என்பது அங்கே செல்லாது.

உங்கள் சர்வரில் இப்போது யார் யாருடைய சாவி இருக்கிறது? இன்றே பட்டியலை எடுத்துப் பாருங்கள். அடையாளம் தெரியாதது ஒன்று இருந்தாலும் உடனே அதன் வழியை அடைத்துவிடுங்கள்.