சர்க்கரையைக் குறைச்சா காசு மிச்சமாகுமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்!



2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறினது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு சர்க்கரை போட்ட கூல் டிரிங்க்ஸுக்கு 40% வரின்னு ஆச்சு. முன்னாடியும் வரியும் செஸ்ஸும் சேர்த்து அதே 40% தான். பிஸ்கட், சாக்லேட்டுக்கு இருந்த 18% வரி 5% ஆகக் குறைஞ்சது. தனிநபர் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு வரியே இல்லன்னு ஆச்சு.

இந்த மூணுமே இன்னைக்கு நாம பேசப்போற விஷயத்துல வருது. சர்க்கரையைக் குறைச்சா உடம்புக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பர்ஸுக்கு நல்லதா? அதுக்கு பதில், எந்த சர்க்கரையைக் குறைக்கிறீங்க, மிச்சமான காசை எங்க போடுறீங்கன்றதைப் பொறுத்தது.

27 வயசுல நமக்கென்ன?

2023-ல வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வுப்படி, நம்ம நாட்டுல சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. இன்னும் 13.6 கோடி பேர் அதுக்கு முந்தின படியில, அதாவது ப்ரீடயாபடீஸ்ல இருக்காங்க.

இப்போ உங்களுக்கு கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும். வேலையை விட்டா பெரும்பாலும் அதுவும் போயிடும். அப்புறம் சொந்தமா பாலிசி எடுக்கப் போனா, ஏற்கனவே இருக்கிற நோயைக் கட்டாயம் சொல்லணும். அந்த நோய்க்கான க்ளெய்முக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம்; பிரீமியமும் கூடலாம். அதனால ரிப்போர்ட் கிளீனா இருக்கும்போதே சொந்த பாலிசி எடுக்கிறதும், ரிப்போர்ட்டை கிளீனா வச்சுக்கிறதும் ரெண்டுமே பண விஷயம்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது இது: நம்ம மொத்த கலோரியில சேர்க்கப்பட்ட சர்க்கரை 10%-க்குள்ள இருக்கணும், 5%-க்குக் கீழ வந்தா இன்னும் நல்லது. அந்த 5%ன்றது ஒரு நாளைக்கு சுமார் 25 கிராம், அதாவது 6 டீஸ்பூன். தேன், ஜூஸ்ல இருக்கிற சர்க்கரையும் இதுல சேரும். முழுப் பழத்துல இருக்கிறது சேராது.

நீங்க தினமும் 3 டீ குடிக்கிறீங்க, ஒவ்வொண்ணுலயும் 2 ஸ்பூன்னு வச்சுக்கங்க. 6 ஸ்பூன். டீயிலேயே அன்னைக்கு கோட்டா முடிஞ்சுது!

மூணு வகை சர்க்கரை

*முதல் வகை: குறைச்சா காசு மிச்சம்.* கூல் டிரிங்க்ஸ், க்ரீம் பிஸ்கட், வீக்எண்ட் மில்க் ஷேக் ஆர்டர். 40 ரூபாய் கூல் டிரிங்க்ஸ்ல கிட்டத்தட்ட 11 ரூபாய் வரி மட்டுமே. பல கோலாக்கள்ல 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல சர்க்கரை. அப்போ 300 மில்லி பாட்டில் ஒண்ணுலயே 30 கிராம் தாண்டிடும்.

*ரெண்டாவது வகை: காசு மிச்சமாகாது, ஆனா குறைக்கணும்.* இது டீ சர்க்கரை. டீக்கடையில சர்க்கரை இல்லாம கேட்டாலும் அதே விலைதான். ஒரேயடியா நிறுத்தினா நாலு நாள்ல பழையபடி ஆயிடுவோம். வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைங்க. "அண்ணே, சக்கரை கம்மி"ன்னு ரெண்டு நாள் சொன்னா போதும், மூணாவது நாள் மாஸ்டரே ஞாபகம் வச்சுப்பார்.

*மூணாவது வகை: காசும் போகும், சர்க்கரையும் குறையாது.* நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், 'டைஜஸ்டிவ்' பிஸ்கட், மால்ட் பவுடர். கருப்பட்டி ருசி நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுவும் பெரும்பகுதி சர்க்கரைதான், விலை மட்டும் பல மடங்கு. மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்'ன்ற பிரிவுல போட்டு விக்கக் கூடாதுன்னு 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைகளுக்கு அரசே சொல்லியிருக்கு. பாக்கெட்டைத் திருப்பி ரெண்டே இடம் பாருங்க: 'ஆடட் சுகர்' எத்தனை கிராம், பொருள் பட்டியல்ல சர்க்கரை எத்தனாவது இடம். எடை அதிகமா இருக்கிறதுதான் பட்டியல்ல முதல்ல வரும்.

இப்போ கணக்கு

இது ஒரு உதாரணம்தான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கங்க.

நிறுத்துறது:
- வேலை நாள்ல கூல் டிரிங்க்ஸ், பிஸ்கட்: ₹50 × 22 = ₹1,100
- வீக்எண்ட் ஷேக்: ₹200 × 4 = ₹800
- மொத்தம்: ₹1,900

சேர்க்கிறது:
- தினம் 2 முட்டை: ₹14 × 30 = ₹420
- சாயங்காலம் சுண்டல் அல்லது வேர்க்கடலை: ₹15 × 22 = ₹330
- தினம் ஒரு வாழைப்பழம்: ₹8 × 30 = ₹240
- மாசம் 8 கட்டு கீரை: ₹20 × 8 = ₹160
- மொத்தம்: ₹1,150

மிச்சம் ₹750. வருஷத்துக்கு ₹9,000.

இந்த ₹1,150-ஐ மட்டும் வெட்டிடாதீங்க. பலர் தோத்துப்போற இடம் இதுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு பசிக்கும்போது கையில சுண்டல் இல்லன்னா, கால் தானா பேக்கரி பக்கம் போகும். 2 முட்டையில சுமார் 12 கிராம் புரதம் கிடைக்குது, பசி தாங்கும்.

பிஜியில இருக்கீங்க, கிச்சன் இல்லையா? கீரையை விட்டுடுங்க. ஒரு சின்ன எக் பாய்லர் போதும். பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலைக்கு அடுப்பே வேண்டாம். வீட்டுல சமைக்கிறவங்க பக்கத்துல உழவர் சந்தை இருந்தா, வாரம் ஒருமுறை காலையிலேயே போயிட்டு வாங்க.

அந்த ₹750 எங்க போகணும்?

அக்கவுண்ட்ல சும்மா விட்டா வேற செலவுல கரைஞ்சிடும். சம்பளம் வந்த மறுநாளே ஆர்டிக்குப் போற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்க. வருஷக் கடைசியில அந்த ₹9,000 உங்க சொந்த ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குப் போகட்டும். இப்போ அதுல ஜிஎஸ்டியும் இல்ல.

கம்பெனி தர்ற ஹெல்த் செக்கப்பையும் விடாதீங்க. சாப்பிடாம எடுக்கிற சர்க்கரை அளவு 100-லிருந்து 125 வரைக்கும், இல்லன்னா ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரைக்கும் இருந்தா அது ப்ரீடயாபடீஸ். டாக்டரைப் பாருங்க. ஏற்கனவே மாத்திரை எடுக்கிறவங்க, டாக்டரைக் கேட்காம சாப்பாட்டை மாத்தாதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை. போன மாச யூபிஐ ஹிஸ்டரியைத் திறந்து பேக்கரி, ஜூஸ் கடை, டெலிவரி ஆப் மூணையும் மட்டும் கூட்டிப் பாருங்க. வர்ற தொகையை ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துலயே உங்க பாலிசி பிரீமியத்தையும் எழுதுங்க. பாலிசியே இல்லன்னா, அந்த இடத்தை காலியா விடுங்க. அடுத்த சம்பளத்துக்குள்ள அதை நிரப்பிடணும்.