ஒரு சாண் நீளப் பந்தய வண்டி

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது முதுமொழி. பெரிய பொருளொன்றைச் சிற்றுருவில் ஆக்கும் கலைஞனுக்கு இது மிகவும் பொருந்தும். உருவம் சிறுத்தாலும் உண்மை குறையலாகாது என்பதே அவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் சட்டம். அமெரிக்க நாட்டின் பழைய 'டிராக்' பந்தய வண்டிகளை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில், வரலாறு பிழையாமற் செய்வோர் இச்சட்டத்தை மிகக் கடுமையாகக் கைக்கொள்பவர்கள்.

டிராக் பந்தயம் என்பது யாது? இரண்டு வண்டிகள் நேரான பாதையொன்றில் அருகருகே நிற்கும். அடையாளம் காட்டப்பட்டதும் இரண்டும் ஓய்விலிருந்து பாய்ந்து, கால் மைலை, அதாவது 1,320 அடியைக் கடக்கவேண்டும். முந்தியது வெற்றி பெறும். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் மோட்டார் வண்டிகளை விரட்டிப் பழகிய இளைஞர்களிடமிருந்து பிறந்தது இவ்விளையாட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் விமான ஓடுபாதைகள் இதற்குக் களமாயின. 1950இல் சாந்தா அனா விமான நிலையத்தில் ஒழுங்கான பந்தயங்கள் தொடங்கின. 1951இல் வொலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் றொட் சங்கத்தை அமைத்து இதற்கு விதிகளை வகுத்தார்.

வளைவற்ற பாதையில் ஓடும் வண்டிக்குத் திரும்பும் திறன் பெரிதன்று. பின் சில்லுகள் தரையை இறுகப் பற்றுவதே பெரிது. ஆதலால், பாரம் முழுவதையும் பின்னே தள்ளும் முயற்சி 1950களிலே தொடங்கியது. யந்திரம் பின்னோக்கி நகர்ந்தது. சாரதியோ பின் அச்சுக்கும் பின்னால், கவணிற் பொருத்திய கல்லைப்போல அமர்ந்தான். இவ்வண்டிக்குக் 'கவண்' என்ற பெயரே வழங்கிற்று. முன்னால் சைக்கிள் சில்லை ஒத்த மெல்லிய கம்பிச் சில்லுகள். பின்னால் வரிகளில்லாத அகன்ற ரயர்கள். இடையே உருக்குக் குழாய்களால் ஆன நீண்ட சட்டம். மூடிமறைக்கும் உடல் சிறிதாகவும், வெளியே தெரியும் உறுப்புகள் பலவாகவும் அமைந்த இவ்வண்டி, மாதிரி செய்வோனுக்கு விருந்தும் சோதனையுமாகும்.

அமெரிக்க நிறுவனமாகிய ஏ.எம்.ரீ., 1958இல் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிலான பிளாஸ்ரிக் உறுப்புப் பெட்டிகளை வெளியிடத் தொடங்கியது. மொனோகிராம் நிறுவனமோ இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவைப் பெரிதும் பின்பற்றியது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கு பங்கே. ஆயினும், ஒன்றன் யந்திரத்தை மற்றொன்றன் சட்டத்தில் ஏற்றினால் பழகிய கண் உடனே பிழையைக் காணும்.

இருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஒரு வசதியும் உண்டு. உண்மை வண்டியின் ஓர் அங்குலம், மாதிரியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றராகின்றது. 200 அங்குல அச்சிடைத் தூரம், ஏறத்தாழ இருபது சென்ரிமீற்றராக, ஒரு சாணளவில் அடங்கிவிடும். ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஒன்றரை மில்லிமீற்றர்க் கம்பி போதும். தீப்பொறியைக் கொண்டுசெல்லும் வயரோ ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்காக, நூலிழையாகிவிடும்.

பெட்டியில் வரும் உறுப்புகளை ஒட்டுவதோடு வேலை முடிவதில்லை. உண்மையில் வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது. முதலாவது கருவி கத்தியன்று, பழைய புகைப்படம். வண்டியின் வரைபடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பலர் தம் வண்டியைப் பட்டறையின் தரையிற் சுண்ணக்கட்டியால் கீறிப் பார்த்தே கட்டினர். ஆகவே, பக்கவாட்டில், சற்றுத் தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட படமொன்றைத் தேடவேண்டும். பின் சில்லின் உலோக வளையம் 16 அங்குலம் என்பது தெரிந்திருந்தால், படத்தில் அதனை அளந்து, ஏனைய நீளங்களை விகிதத்தாற் கணிக்கலாம். அருகில் நின்று எடுத்த படத்திலோ அண்மையிலுள்ள உறுப்பு பருத்துத் தோன்றுமாதலால், அப்படத்தைக் கொண்டு அளத்தல் ஆகாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாய்த் தோன்றக்கூடும். நிறத்துக்கு வேறு சான்று தேடவேண்டும்.

சான்றுகள் சேர்ந்தபின், எந்த நாளின் வண்டியைச் செய்வது என்ற வினா எழுகின்றது. புளோரிடாவைச் சேர்ந்த டொன் கார்லிட்ஸின் முதலாவது 'சுவாம்ப் றற்' வண்டி இதற்குத் தக்க உதாரணம். 1957இல் அதன் யந்திரத்தின்மேல் எட்டு ஸ்ரொம்பேர்க் காபுறேற்றர்கள் வரிசையாக நின்றன. 1959இல் அவை நீங்கி, காற்றை அழுத்தி உட்செலுத்தும் 'புளோவர்' அவ்விடத்தைப் பிடித்தது. வண்டி ஒன்றே, முகங்கள் இரண்டு. 1957ஆம் ஆண்டின் சட்டத்தில் 1959ஆம் ஆண்டின் யந்திரத்தை ஏற்றுவோன், அழகான பொய்யொன்றைச் செய்தவனாவான். புகைக்குழாய்களும் அவ்வாறே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மேல்நோக்கி வளைந்து பின் ரயர்களின் மேலாகப் புகையைத் தள்ளும் குழாய்கள் 1960களின் நடுப்பகுதியில் வந்தவை. 1958ஆம் ஆண்டு வண்டியில் அவை இருத்தல் காலவழுவாகும்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியும் முற்றாக நம்பத்தக்கதன்று. புதுப்பிப்போர் பலர் பழைய வண்டியை அது தன் வாழ்நாளில் ஒருபோதும் கண்டிராத பளபளப்புடன் விட்டுவிடுகின்றனர். பந்தயக் களத்தில் ஓடிய வண்டிக்கு எண்ணெய்க் கறையும், வெப்பத்தால் நீலம் பாய்ந்த குழாயும், அவசரத்திற் கையால் எழுதிய இலக்கமும் இருந்தன.

யந்திரமே மாதிரியின் இதயம். அக்காலத்தவர் பெரிதும் விரும்பியது 392 கன அங்குலக் கிறைஸ்லர் 'ஹெமி' யந்திரம். எட்டு உருளைகளுள் ஒற்றை எண்கள் இடப்புறமும் இரட்டை எண்கள் வலப்புறமும் நிற்க, தீப்பொறி 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்ற ஒழுங்கிற் செல்லும். நூலிழை போன்ற எட்டு வயர்களையும் இவ்வொழுங்குக்கு இசையப் பூட்டுவோரும் உளர். முழுவதும் முடிந்தபின் அதனைப் பார்ப்பவன் பத்திலொருவனும் இல்லை. ஆயினும் அவர்கள் அதனைச் செய்கின்றனர்.

வர்ணத்திலும் அளவைப் பேணவேண்டும். மின்னும் துகள் கலந்த வர்ணத்தில் அரை மில்லிமீற்றர்த் துகளொன்று இருந்தால், அது உண்மை வண்டியில் அரை அங்குலத் தகடாக இருந்ததென்று பொருளாகும். உறுப்புகளின்மேல் தொழிற்சாலை இட்ட வெள்ளிப்பூச்சும் தடித்தது. துணி வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்து அதனை நீக்கிவிட்டு, ஒவ்வோர் உலோகத்துக்கும் உரிய சாயலை வேறுவேறாகத் தீட்டுவர்.

இத்துணை நுணுக்கம் எதற்காக? இரண்டு மாதிரிகளை அருகருகே வைத்தால் விடை கிடைக்கும். 1970 மார்ச்சில், கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தளத்தில், கார்லிட்ஸின் பதின்மூன்றாவது வண்டி புறப்பட்ட கணத்தில் அதன் கியர்ப்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவர் தம் வலப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். முன்னே யந்திரம், கால்களுக்கு இடையே கியர்ப்பெட்டி, பின்னே மனிதன் என்ற அமைப்பை மாதிரியிற் காணும்போது, சாரதி எத்தகைய ஆபத்தின் மடியில் அமர்ந்திருந்தான் என்பது சொல்லாமலே விளங்கும். அடுத்த மாதிரி அவருடைய பதினான்காவது வண்டி. அதில் யந்திரம் சாரதியின் முதுகுக்குப் பின்னால் உள்ளது. இவ்வகை வண்டிகள் முன்னரும் முயலப்பட்டவை. நேராக ஓட மறுத்தவை. சுக்கானின் திருப்பத்தை மந்தமாக்கியபின் அது அடங்கிற்று. 1971இல் பொமோனாவில் நடைபெற்ற குளிர்காலப் பந்தயத்தில் அவ்வண்டியே வென்றது. சில ஆண்டுகளுள் கவண் வண்டிகள் முதல்நிலைப் பந்தயத்திலிருந்து மறைந்தன.

அவ்வாறு மறைந்தவற்றுட் பல இன்று இல்லை. வென்ற யந்திரம் அடுத்த சட்டத்துக்குச் சென்றது. பழைய சட்டம் வெட்டப்பட்டது அல்லது விற்கப்பட்டது. லயன்ஸ் தளமும் 1972 டிசெம்பரில் மூடப்பட்டது. எஞ்சியவை சில படங்களும், வயது முதிர்ந்தோரின் நினைவுகளுமே. அவற்றைத் திரட்டி, ஐயமுள்ள இடத்தில் ஊகத்தை உண்மையாக்காது, ஒரு சாண் நீளத்தில் மீட்டெடுத்து வைப்பவன் விளையாட்டுப் பொருள் செய்பவனல்லன். யாரும் பாராத எட்டு வயர்களை ஒழுங்கு தவறாமற் பூட்டும் அக்கைகள், வரலாற்றுக்குச் சான்றொப்பம் இடுகின்றன.