கெடு திரும்பி வந்த கதை

1993-இல் ஒரு மழை இரவு. எழும்பூரில் ரயிலிறங்கிய என் சித்தப்பா, மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் என்று பேசி ஓர் ஆட்டோவில் ஏறினார். புரசைவாக்கம் வருவதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குடை சாய்ந்தது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஓட்டியவர் நல்ல மனிதர்தான். தானே இன்னோர் ஆட்டோ பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார். "அண்ணே, போலீசு கீலீசுன்னு போயிடாதீங்க, வண்டி சேட்டு வண்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். சித்தப்பாவும் போகவில்லை. மறுநாளே புத்தூர் கட்டு போடக் கிளம்பிவிட்டார்கள்.

எட்டாவது மாதத்தில் கால் ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்திருப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் வக்கீல் ஞாபகம் வந்தது. அவர் மூன்று கேள்வி கேட்டார். எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி வாங்கினீர்களா? வண்டி நம்பர் என்ன? மூன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார் சித்தப்பா. கட்டுப் போட்ட வைத்தியர் காலைச் சரிசெய்யலாம், விபத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாதே. "எல்லாம் இருந்தாலுமே, ஆறு மாசக் கெடு தாண்டிடுச்சு. இனி தக்க காரணம் காட்டினா, ஒரு வருஷம் முடியறதுக்குள்ள கோர்ட் மனசு வைக்கலாம்" என்றார் வக்கீல். காட்ட எங்களிடம் காரணம் இருந்தது, காகிதம்தான் இல்லை.

அந்தக் கெடு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் இருந்தது. விபத்து வழக்குக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க 1956-இலேயே வழி செய்திருந்தார்கள். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றம். அங்கே 'எம்.சி.ஓ.பி. நம்பர்' என்றால் விபத்து வழக்கு என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். யார் தப்பு என்று பார்க்காமல் கொடுக்கும் தொகை, நிரந்தர ஊனத்துக்கு அன்று 12,000 ரூபாய். சித்தப்பா அதையும் வாங்கவில்லை.

1994 நவம்பர் 14 முதல் அந்தக் கெடுவையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடிபட்டவன் கட்டிலில் கிடக்கும்போது கடிகாரம் ஓடக்கூடாது என்ற எண்ணம்தான். சித்தப்பா அதைப் பேப்பரில் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வருவோம். சென்ற ஆண்டு என் அக்கா மகள் பெருங்குடியில் வேலை முடிந்து, செயலியில் பைக் டாக்ஸி போட்டு வேளச்சேரிக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த கார் இடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. 108 வந்தது. அரசின் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரத்துக்கு அவள் பையிலிருந்து பணம் போகவில்லை. 2021 டிசம்பரில் வந்த திட்டம் அது. ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது, ஒற்றைக் கையால் போனைத் தடவிக்கொண்டே, "எல்லாம் இதுலயே இருக்கு மாமா" என்றாள். ஓட்டுநர் பெயர், படம், வண்டி எண், ஏறிய நேரம், வந்த வழி, டிரிப் ஐ.டி. எதையும் விடாமல் வைத்திருந்தது போன். சித்தப்பாவின் வக்கீல் கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் கேட்காமலே அவள் பதில் வைத்திருந்தாள்.

அதுகூட மயிரிழையில் தப்பியதுதான். புறப்படும்போது அந்தப் பையன், "மேடம், கேன்சல் பண்ணிடுங்க, கையில காசா குடுத்துடுங்க" என்று கேட்டிருக்கிறான். கமிஷன் மிச்சமாகும், பாவம். சில்லறை இல்லாததால் இவள் மறுத்திருக்கிறாள். ரத்து செய்திருந்தால் நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பயணமே நடக்கவில்லை. செயலி வழியாகக் காப்பீடு இருந்தாலும் அதுவும் போச்சு. இருபது ரூபாய் சலுகைக்காக இதைச் செய்கிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

அவளை இடித்தது வேறொரு கார் என்பதால் வழக்கு நேரானது. அந்தக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இவள் மூன்றாம் நபர். இரண்டு வண்டி மேலும் தப்பு இருந்தாலும், பயணியின் மேல் தப்பு வராது. இரண்டில் ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லியிருக்கிறது. மஞ்சள் போர்டு டாக்ஸியில் போய் அடிபட்டாலும் கவலை குறைவு. வாடகைக்கு ஓடும் வண்டியின் கட்டாயக் காப்பீட்டில் பயணியும் அடக்கம்.

சிக்கல், பைக் தானே வழுக்கி விழுந்திருந்தால். சென்னையில் ஓடும் பைக் டாக்ஸிகளில் பல வெள்ளை நம்பர் பிளேட், அதாவது சொந்த உபயோக வண்டி. கம்பெனியின் வக்கீல் எழுந்து, "பாலிசி சொந்த உபயோகத்துக்கு, இவர் வாடகைக்கு ஓட்டினார், நிபந்தனை மீறல்" என்பார். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கு அதில் இடமே இல்லை என்று இன்னொரு வாதமும் வைப்பார். சில வழக்குகளில் நீதிமன்றம் 'முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்' என்று கம்பெனிக்கு உத்தரவிடுகிறது. 2004-இன் ஸ்வரண் சிங் தீர்ப்பு இதற்கு வலுவான ஆதாரம். ஆனால் எல்லா வழக்கிலும் அது கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. கிடைக்காவிட்டால் தீர்ப்பு அந்தப் பையன் மேல். அரசு பஸ் இடித்து நஷ்டஈடு கட்டாவிட்டால் கோர்ட் அமீனா பஸ்ஸை ஜப்தி செய்யும் படம் நம் பேப்பர்களில் வருமே, இங்கே ஜப்தி செய்ய இருப்பது தவணை முடியாத ஒரு பைக்.

அப்படியானால் செயலிக்காரர்? 2019 திருத்தம்தான் முதன்முதலாக அவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கொடுத்தது. பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் டிஜிட்டல் இடைத்தரகர் என்று. உரிமம் வாங்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் விபத்துக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் வாய் திறக்கவில்லை. "நாங்கள் சேர்த்து வைத்தோம், ஓட்டியது நாங்கள் இல்லை" என்பது அவர்களின் நிலையான பதில். கட்டணத்தைத் தீர்மானிப்பதும், ஓட்டுநரை நீக்குவதும், கமிஷன் எடுப்பதும் அவர்கள்தான், கல்யாணத் தரகர்கூட இத்தனை செய்வதில்லை. ஆகவே அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே புத்தி. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டுதல்கள் பயணிக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்க வேண்டும் என்கின்றன. அதை மாநிலம் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும்.

தொகை விஷயத்தில் காலம் நிஜமாகவே மாறியிருக்கிறது. பலத்த காயத்துக்கு, யார் தப்பு என்று பார்க்காமல், இன்று 164-ஆவது பிரிவில் 2.5 லட்சம். அதோடு கணக்கு முடிந்துவிடும் என்பதால் அவசரப்பட்டு அதை வாங்கிவிடக் கூடாது. 166-இல் போனால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆனால் கணக்கு வேறு. முப்பது வயது, மாதம் 20,000 சம்பாத்தியம், வேலைத்திறனில் 20 சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, வயதுக்குரிய 17-ஆல் பெருக்கினால், 11,42,400 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனையும் இதற்கு மேல். டாக்டர் எழுதும் ஊன சதவீதமும் வேலைத்திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகிறது, குமாஸ்தாவுக்கு அப்படியில்லை. இதை எடுத்துச் சொல்லும் வக்கீல் வேண்டும். 'முப்பது பர்சென்ட் கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்' என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் வேண்டாம். ஜெயித்தால் பங்கு என்று பேசுவதே வக்கீல் தொழில் விதிக்கு விரோதம்.

போலீஸ் வேலையும் காகிதத்தில் மாறிவிட்டது. 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விவரங்களைப் பதிவு செய்யச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய மின்தளம் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில், நடந்து நடந்து கேட்டபிறகே காகிதம் நகர்ந்தது.

இத்தனை மாறிய பிறகு, 1994-இல் போன அந்தக் கெடு மட்டும் 2022 ஏப்ரல் 1 முதல் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது. அதே ஆறு மாதம். முன்பாவது தாமதத்தை மன்னிக்க ஒரு ஜன்னல் இருந்தது, புதிய பிரிவில் அதுவும் இல்லை. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்கச் சித்தப்பா விடவில்லை. குட்டைக் காலை இழுத்துக்கொண்டு எங்களோடு வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். நான்காவது மாதம் அக்கா மகளின் மனு நம்பராகிவிட்டது.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் பயணத்தை ரத்து செய்ய விடாதீர்கள், திரையைப் படமெடுத்து இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள். வீட்டுக் காலண்டரில் ஆறாவது மாதத்தின் அந்தத் தேதியை அன்றைக்கே சிவப்பு மையில் வட்டமிட்டு விடுங்கள்.