சுட்டவரையே சுடும் பித்தளை

காலி உறை முகத்தில் வந்து விழுந்தால் பழுது பிஸ்டலிலா, தோட்டாவிலா, கையிலா?

பிஸ்டல் வெடிக்கிறது. குறி தப்பவில்லை. அடுத்த கணமே நெற்றியில் சுரீரென்று ஏதோ கடிக்கிறது. காலடியில் உருண்டோடும் பித்தளை உறையைக் கண்ட பிறகுதான் சுட்டவருக்கு விஷயம் விளங்குகிறது. வலப்பக்கம் போய் விழ வேண்டிய காலித் தோட்டா எஜமானரையே தாக்கியிருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுகளுக்காகத் தில்லி துக்ளகாபாத்தில் உருவான கர்ணி சிங் சுடுதளமானாலும் சரி, ஏதோ ஒரு மாவட்ட போலீஸ் பயிற்சித் திடலானாலும் சரி, செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலைக் கையில் எடுப்பவர்களுக்கு நேரக்கூடிய சங்கடம்தான் இது. பலர் சிரித்துவிட்டு அடுத்த குண்டைச் சுடுகிறார்கள்.

சிரிக்க முடியாத சம்பவமும் உண்டு. 2016 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சரசோட்டாவில் உள்ள சுடுதளம் ஒன்றுக்குத் தன் பிள்ளைகளோடு வந்திருந்தார் ஒருவர். அவர் சுட்ட தோட்டாவின் உறை சுவரில் பட்டுத் திரும்பி அவரது சட்டைக்குள் விழுந்தது. சூடு தாளாமல் துப்பாக்கி பிடித்த கையாலேயே அதை எடுக்க முயன்றார். பிஸ்டல் பின்பக்கமாகத் திரும்பி வெடித்தது. பின்னால் நின்ற 14 வயது மகன் இறந்துபோனான். அங்கே பிஸ்டலில் பழுது எதுவும் தேவைப்படவில்லை; ஒரு சுவர் போதுமாயிருந்தது. ஒவ்வொரு பத்துக் குண்டுக்கும் இரண்டு உறையை முகத்தை நோக்கி வீசும் பிஸ்டல் எத்தனை சந்தர்ப்பங்களை உண்டாக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

உறை வெளியேறும் விதம் எளிமையானதுதான். குண்டு முன்னே பாய, ஸ்லைடு பின்னே நகர்கிறது. அதிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு கொக்கி, உறையின் விளிம்பைப் பற்றி அறையிலிருந்து இழுத்து வருகிறது. வரும் வழியில் சட்டத்தோடு அசையாமல் நிற்கும் எஜெக்டர் என்ற முனையில் உறையின் அடிப்பாகம் மோதுகிறது. கொக்கி வலப்பக்கம், முனை இடப்பக்கம். எனவே உறை கொக்கியை அச்சாக்கிச் சுழன்று, வலப்பக்கத் திறப்பின் வழியே பறக்கிறது. கொக்கியின் பிடி, ஸ்லைடின் வேகம், முனை மோதும் இடம் ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் பறக்கும் திசை மாறிவிடும்.

பழுதைத் தேடுகிறவர்கள் முதலில் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுதான் வழக்கம். ஆனால் விசாரணையை, பிடித்திருக்கும் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடோடு சேர்ந்து சட்டமும் பின்வாங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான வேகம் குறைந்து, முனையின் மோதல் சோனியாகிவிடுகிறது. போதாததற்கு, பிஸ்டல் வாய் மேலெழும்பி, உறை வெளியேறும் திறப்பு முகத்தை நோக்கிச் சாய்கிறது. அதே பிஸ்டலையும் அதே தோட்டாவையும் கைதேர்ந்த இன்னொருவரிடம் கொடுத்துப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். (தன் கைதான் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் அத்தனை சுலபமல்ல என்பது வேறு விஷயம்.)

அவர் கையிலும் உறை முகத்துக்கே வந்தால், அடுத்த சந்தேகம் தோட்டா மீது. மருந்து வீரியம் குறைந்த மலிவான பயிற்சித் தோட்டாவும் விறைப்பான புது ரீகாயில் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் ஸ்லைடு சோம்பேறித்தனமாக நகரும். சற்று வீரியமான தோட்டாவை மாற்றிச் சுட்டு, உறைகள் விழும் இடங்களைக் கவனிக்க வேண்டும். எல்லாமே ஒரே திசையில் முகத்துக்கு வந்தால் எஜெக்டரைச் சந்தேகிக்கலாம். ஒன்று முன்னே, ஒன்று தலைக்கு மேல், ஒன்று சட்டைக்குள் என்று சிதறினால் கொக்கியின் பிடி தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் அடியில் கரியும் பித்தளைத் துகளும் அடைந்திருக்கலாம். நன்றாகத் துடைத்தாலே குணமாகிவிடும் பிஸ்டல்கள் ஏராளம்.

கொக்கியைச் சோதிக்கத் துப்பாக்கி மெக்கானிக்குகள் கையாளும் ஓர் உபாயம் உண்டு. மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிட்டு, மேகசினைக் கழற்றிய பின் இலக்கை நோக்கிச் சுடுவது. கொக்கி உறுதியாக இருந்தால் உறை வழக்கம்போல் வெளியே பறக்கும். பிடி தளர்ந்திருந்தால், மேகசின் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழும். எல்லா பிஸ்டலிலும் இது பலிக்காது. மேகசின் இல்லாவிட்டால் டிரிகரே வேலை செய்யாதபடி அமைக்கப்பட்டது பிரௌனிங் ஹை-பவர். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராகி, இந்திய ராணுவமும் போலீசும் நெடுங்காலம் இடுப்பில் சுமந்த 9 எம்எம் 1ஏ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியதுண்டு. ஆஸ்திரியாவின் கிளாக் 2010-இல் தனது நான்காம் தலைமுறை பிஸ்டல்களைக் கொண்டுவந்தபோது, 9 எம்எம் மாடல்கள் உறையை நெற்றிக்கு அனுப்புவதாகப் புகார்கள் கிளம்பின. 2011-இல் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. 336 என்ற எண் கொண்ட எஜெக்டருக்குப் பதில் 30274 எண்ணிட்ட புதிய வடிவமும் வந்தது. மில்லிமீட்டர் கணக்கில் வளைவை மாற்றிய சின்ன இரும்புத் துண்டு அது.

இந்தியாவில் வீட்டு மேஜையில் அரத்தை எடுத்து உட்காருவது உசிதமல்ல. 1959 ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் தேவை. தவிர, அதிகமாக ராவிவிட்ட எஜெக்டரை வளர்க்கவும் முடியாது.

போட்டியாளர்களுக்குக் கவலை வேறு வகை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில், கடைசிச் சுற்றுகளில் நான்கே விநாடிகளில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். இரண்டாவது உறை கன்னத்தில் பட்டால் மூன்றாவது குண்டு எங்கே போகும்? பக்கத்து வீரர் மீது உறை விழாமல் தடுக்க இடையே தடுப்புகள் வைக்கிறார்கள். சுடுபவரை அவரது பிஸ்டலிடமிருந்து காக்கத் தடுப்பு கிடையாது.

அதனால்தான் சுடுதளங்களில் கண்ணாடியும், முன்விளிம்புள்ள தொப்பியும், கழுத்துவரை மூடிய சட்டையும் வேண்டும் என்கிறார்கள். தொப்பி இல்லாவிட்டால் உறை கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினாலும், சட்டைக்குள்ளேயே விழுந்தாலும் விரல் டிரிகரை விட்டு வெளியே வர வேண்டும். பிஸ்டல் வாய் இலக்கை விட்டு அசையக் கூடாது. பிஸ்டலை மேஜையில் வைத்த பிறகு சட்டையை உதறலாம். அதற்குள் தோல் கொஞ்சம் கொப்புளிக்கும், அவ்வளவுதான்.