எஞ்சின் ஊளையிடுகின்றதா?

சந்தைக்கு மரக்கறி ஏற்றும் டீசல் வானில் ஒருநாள் புதிதாக ஓர் ஊளைச் சத்தம் கேட்கின்றது. ஓடும்வரை ஓடட்டும் என்று சிலர் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் ஊகத்தின்பேரில் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைக்கின்றனர். இரண்டும் நட்டமே. சத்தம் எங்கிருந்து வருகின்றது என்பதை நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

முதலில் வானைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிறேக்கை இழுத்துவிடுவோம். எஞ்சினை ஓடவிட்டு அக்சிலேற்றரை மெல்ல அழுத்துவோம். நின்ற இடத்திலேயே எஞ்சின் வேகத்துடன் சத்தமும் உயர்ந்தால், எஞ்சினுடன் சேர்ந்து சுழலும் ஏதோவொரு பாகமே காரணமாகும். வான் ஓடும்போது மட்டும் கேட்டால் கியர்பொக்ஸ், டிபரென்சல், சில்லு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து கிளச்சை மிதித்துப் பார்ப்போம். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பொக்ஸின் முன்பக்கப் பெயரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளச் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சத்தம் கூடினால் பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைந்துள்ளதா என அவதானிக்க வேண்டும்.

இவற்றால் மாற்றம் இல்லையெனில் பான் பெல்ட்டுக்கு வருவோம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே பெருவிரலால் அழுத்துவோம். பல வான்களில் ஏறக்குறைய அரை அங்குலம் பதிவது சரியான இறுக்கமாகும். தளர்ந்த பெல்ட் பெரும்பாலும் கீச்சிடும். தேய்ந்த பெயரிங்தான் ஊளையிடும். பெல்ட்டைக் கழற்றி, டைனமோவையும் வோட்டர் பம்பையும் கையால் சுற்றிப் பார்ப்போம். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் கோளாறு அங்கேதான். பெல்ட் இல்லாமல் எஞ்சினை அரை நிமிடம் ஓடவிட்டுச் சத்தம் நின்றதா எனவும் பார்க்கலாம். ஆனால் அந்நிலையில் வானைச் செலுத்தவே கூடாது. தண்ணீர் சுற்றாது, சில டீசல் வான்களில் பிறேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பும் டைனமோவுடனேயே பொருத்தப்பட்டுள்ளது.

வோட்டர் பம்ப் ஆடினாலோ, அதன் அடியில் தண்ணீர் கசிந்தாலோ காலம் தாழ்த்தக்கூடாது. பம்ப் இறுகினால் பெல்ட் அறும். எஞ்சின் கொதித்து ஹெட் வளையும், கஸ்கட் எரியும். ஒரு பம்பின் விலையோடு முடியவேண்டிய வேலை எஞ்சினையே கழற்றும் வேலையாகிவிடும்.

எஞ்சின் ஓடும்போது சாரம், சேலைத் தலைப்பு, விரித்த தலைமயிர் எதுவும் பெல்ட்டுக்கு அருகில் செல்லாதிருக்கட்டும். சிறுவர்களையும் தூர நிறுத்துவோம்.

கராஜுக்குப் போகும்போது, “சத்தம் கேட்குது” என்று மட்டும் சொல்லாமல், எப்போது கேட்கின்றது, எதைச் செய்தால் நிற்கின்றது என்று சொல்வோம். மெக்கானிக்கின் நேரமும் எமது காசும் மிஞ்சும்.